மேல் இலை

கிளம்புகிற அவசரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டே அவன் கேட்டான்.

"ஏண்டி, இன்னைக்கும் தக்காளிச் செடியைத்தான் சுடப்போறியா?"

"ஆமா. ஒரு இலையைச் சுட்டா, தொடாத இலைக்கும் மின்சாரமா சேதி போகும். அதை அளக்கணும்."

"கொடுத்துவச்ச செடி. போன் பில்லு கெடையாது. அப்ப நான் சாரத்துலேர்ந்து விழுந்தா உனக்கும் சேதி வந்துருமா?"

"வாயைக் கழுவு மொதல்ல. கயித்தைக் கட்டிக்கிட்டு ஏறு."

"கட்டிக்கிறேன் தாயே!"

உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன் அவன். கல்யாணமான நாளிலிருந்து அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் ஆய்வுக்கூடத்துக்குப் போய்வந்தாள்.

அவள் வேலை செய்த சின்ன அறையைச் சுற்றிலும் கம்பிவலை. போன் உள்ளே இருந்தால் அளவு கெட்டுவிடும் என்பதால், கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கும் ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் கதவைத் தட்டக்கூடாது. கூரையே பற்றிக்கொண்டாலும் திரையில் ஓடும் கோடு முடியட்டும் என்பது ஆய்வுக்கூடத் தலைவரான சாரின் சட்டம்.

தீக்குச்சியைக் கிழித்து அடி இலையின் நுனியில் காட்டி, ஊதி அணைத்தாள். இனி அசையக்கூடாது. மேல் இலையில் முடி போன்ற கம்பி ஒட்டியிருந்தது. சேதி அங்கே வந்து சேர்ந்தால் திரையில் கோடு எழும்பும்.

கதவிலிருந்த கண்ணாடித் துண்டில் சாரின் முகம் தெரிந்தது. எப்போதும் கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டி விரட்டுகிறவர், சும்மா நின்றார். கையில் அவளுடைய போன். அடுத்தவர் போனை அவர் தொட்டதே இல்லை. விளக்கு எரிகிறதே என்று நிற்கிறாரா, தட்டத் தைரியம் வரவில்லையா?

அவள் மறுபடி அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரையில் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. சில நாள் சேதி வராமலே போவதுண்டு; கம்பி சரியாக ஒட்டியிருக்காது, அல்லது செடி சோர்ந்திருக்கும். அப்போதெல்லாம் சலித்துக்கொள்வாள். இன்றைக்கு, வராதே, வராதே என்று பல்லைக் கடித்தாள். கோடு நேராக ஓடும்வரை அவன் பிரஷ்ஷும் கையுமாகச் சுவரோரம் நின்று, கீழே இருப்பவனை வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பான்.

கோடு மெல்லத் தலைதூக்கியது.

விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே கதவு திறந்தது.

"எழுந்து வாம்மா."

"இன்னும் கோடு எறங்கல சார்."

"அது கெடக்கட்டும்மா. சாரம் சரிஞ்சிருச்சாம்."

"கயிறு கட்டியிருந்தாருல்ல?"

சார் போனை அவள் கையில் வைத்தார்.

"கட்டியிருந்தாராம்மா. அந்தச் சாரத்துலயே."

அவனைப் புதைத்த மறுநாள், சார் தாமே ஏணி போட்டு ஏறி அந்தச் சிவப்பு விளக்கைக் கழற்றினார். அவள் திரும்பி வேலைக்கு வந்தபோது தட்டக்கூடாது என்ற சட்டமும் போயிருந்தது. மரப்பெட்டி மட்டும் அதே ஆணியில் தொங்குகிறது. காலையில் போனை அதில் போட்டு மூடியைச் சாத்துகிறாள். உடனே உள்ளே போவதில்லை. மூடிமேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நிற்கிறாள்.