நாலு விரல் நகரும் சுவர்

தையல்காரி குடியிருந்த அறையின் கிழக்குச் சுவர் மாதம் நாலு விரல் உள்ளே நகர்ந்தது. அவள் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். அளவு நாடா கழுத்திலேயே கிடக்கும், அளவு விஷயத்தில் அவளிடம் யாரும் கதை விட முடியாது. குடிவந்த அன்று பன்னிரண்டு அடி. கணவன், மூன்று பிள்ளைகள், அடுப்பு, அலமாரி எல்லாம் அடங்கின. வருடம் திரும்பியபோது ஒன்பது. அலமாரி வெளியே போனது, பிள்ளைகள் முறை வைத்துக் காலை நீட்டினார்கள். இரண்டாம் வருடம் முடிகையில் ஆறு. சுவருக்கு அந்தப் பக்கம், அதே பன்னிரண்டு அடி அறையில், அவள் அண்ணன் இருந்தான். இந்த ஊருக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டவனும் அறை பிடித்துக் கொடுத்தவனும் அவன்தான். "ஈரத்துல சுவர் ஊதியிருக்கும்மா, வெயில் வந்தா வத்திடும்" என்றான். அண்ணன் சொல்லுக்கு அவளிடம் மறுபேச்சு கிடையாது. இதற்கிடையில் அவன் அறைக்குள் ஒரு சோபா போனது, பிறகு சாப்பாட்டு மேஜை. பிள்ளை இல்லாத வீடு, இடம் மிச்சமிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வருடக் கடைசியில் குடியிருப்பு அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவதாகப் பேச்சு அடிபட்டது. பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மூன்று அறை வீடு கிடைக்குமாம். அண்ணன் பதறிப்போய் வந்தான். "இந்தப் பொந்துல பார்த்தா பிள்ளைங்களைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. அவர் வந்து போற வரைக்கும் என் அறையில இருக்கட்டும்." பிழைக்க வந்தவர்கள் எல்லோர் வயிற்றிலும் இருந்த பயம் அது. தையல்காரி மூவருக்கும் தலை சீவி அனுப்பினாள். "மாமா என்ன சொன்னாலும் தலையாட்டணும்" என்று சொல்லி அனுப்பியதும் அவள்தான்.

ஆட்டினார்கள். யார் பிள்ளைகள் என்று அதிகாரி கேட்க, "எங்க பிள்ளைங்கதான் சார்" என்றானாம் அண்ணன். மூத்தவள்தான் வந்து சொன்னாள். ஒரே வாரத்தில் வீட்டுச் சாவி அண்ணன் கைக்கு வந்தது. அவன் சோபாவை வண்டியில் ஏற்றும்போது அவள் அவனுடைய அறைக்குள் போய் நாடாவை விரித்தாள். பதினெட்டு அடி.

"உனக்கு முதல்லயே தெரியும், இல்லையாண்ணா?"

"நானா சுவரைத் தள்ளினேன்?" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

கூடப் பிறந்தவனே கழுத்தறுத்துவிட்டான் என்பதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? அந்த அறைக்கு வேறு குடும்பம் வந்தது. அவர்களுக்கு ஒரு விரல்கூடக் கூடவில்லை. ஆனால் இவள் பக்கம் சுவர் வழக்கம்போல நகர்ந்தது. மாதப் பிறப்பன்று அவள் பாயில் நாலு விரல் வெட்டி, ஓரம் மடித்துத் தைப்பாள். பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள்.

"மாமா வீடு இந்த மாசம் எவ்வளவும்மா பெருசாயிருக்கும்?" என்று சின்னவள் கேட்பாள்.

"நாலு விரல்" என்பாள் தையல்காரி, நூலைப் பல்லால் கடித்தபடி.