சுஹைர் கடைக் கொளுக்கி

மாம்புரியில் சுஹைரின் கடை வாசலில் நீளமாக ஒரு கம்பி. கம்பி நிறையக் கொளுக்கி, கொளுக்கி நிறையத் துணிப்பை. கையை வீசிக்கொண்டு கடைக்கு வருகிறவர் ஒரு பையைக் கழற்றிச் சாமான் போட்டுக்கொண்டு போகலாம். அடுத்த முறை வரும்போது அதைத் திரும்பக் கொண்டுவந்து கொளுவிவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

சட்டம் போட்டவள் ஸஃப்னா. பைகளைத் தைத்தவளும் அவளே. வேலியெல்லாம் சிலி சிலி பேக் என்கிற பொலித்தீன் பையாகத் தொங்கியதையும், கடற்கரை நிக்கொலஸின் வலையில் மீனைவிட அதுவே கூடுதலாக ஏறியதையும் பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்டவள், ஒருநாள் புத்தளம் டவுனில் இருந்து திரைச்சீலைத் துணி ஒரு கட்டு வாங்கி வந்து மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். ஊர் முதலில் சிரித்தது. பிறகு, இலவசமாகக் கிடைக்கிற எதையும் விடாத ஊர் என்பதால், பழகிக்கொண்டது. ஒரே கட்டுத் துணி ஆகையால் பைகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எது யார் கொண்டுபோனது என்று அவளுக்கே தெரியாது. அதைத்தான் அவள் பெருமையாகச் சொல்லித் திரிந்தாள்.

அந்த நோன்பு நாளில் ஸஃப்னா பகல் லுஹர் தொழுதுவிட்டு, முற்றத்தில் இருந்த மகள் ஸம்ஹாவைப் பார்த்து, "பணிஸ் தின்டியா?" என்று கேட்டாள். ஸம்ஹாவுக்கு நடுப்பகல்வரை அரை நோன்புதான் அனுமதி. போன கிழமை முழு நோன்பு பிடிக்கிறேன் என்று நின்று, பின்னேரம் அஸர் நேரத்தில் தலைசுற்றி விழுந்த பிள்ளை. அதனால் இன்று காலையிலேயே அவளைக் கடைக்கு அனுப்பி, பகலில் தின்பதற்கென்று ஒரு பணிஸ் ரொட்டி வாங்க வைத்திருந்தாள்.

"ஓம் உம்மா, தின்டேன்."

சரி என்று ஸஃப்னா கிணற்றடிக்குப் போனாள். அங்கேதான் அதைப் பார்த்தாள். கொட்டிலுக்குள் வெங்காயத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்துத் தூள் பக்கெற் ஒன்று, அடிப்பக்கம் கிழிந்து, பாதி கொட்டிப்போய்ச் சாய்ந்து கிடந்தது. நேற்று அவள் கணவன் றஸீன் மருந்து வாங்க டவுனுக்குப் போனபோது ஒரு துணிப்பையைத் தானே கையில் கொடுத்து அனுப்பியது நினைவுக்கு வந்தது.

றஸீன் உள்ளே பாயில் சாய்ந்திருந்தான்.

"இஞ்சப்பாருங்க, நேத்து மருந்து கொண்டுவந்த பேக் எங்க?"

"காலையில தோட்டத்துக்குப் போக்குல சுஹைர் கடையில கொளுவிட்டன். நீதானே சொல்லிய, திருப்பிக் கொளுவணும் எண்டு."

"பக்கெற் கிழிஞ்சி ஈக்கே!"

"தட்டிப்போட்டுத்தான் கொளுவினன்."

தட்டினால் போகிற தூளா அது? அடிக்கும்போது முகத்தைக் கட்டிக்கொண்டு அடிப்பவன், அடித்துவிட்டு வந்து சவர்க்காரம் தேயத் தேயக் குளிப்பவன், தட்டிப்போட்டேன் என்கிறான்.

"பள்ளிவாசல்ல சொல்லுவம். மைக்கில சொன்னா ஊருக்கே கேக்கும்," என்றாள் ஸஃப்னா.

றஸீன் எழுந்து உட்கார்ந்தான். "உனக்கு விசரா? றஸீன்ட மருந்து ஊர்ப் பேக்குல எண்டு மைக்கில சொன்னா, என்ட வெங்காயத்த நாளைக்கு ஒருத்தன் வாங்குவானா? இனி அந்தப் பேக்கத்தான் ஒருத்தர் தொடுவாங்களா? ஊரே நோன்பு. மஃரிப் வரைக்கும் ஒருத்தரும் ஒண்டும் தின்ன மாட்டாங்க. போய்ச் சத்தமில்லாமத் தேடி எடு."

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. நோன்பு ஊரில் வாங்கிய சாமானெல்லாம் பாங்கு சொல்லும்வரை மூடியபடியே இருக்கும். அந்த ஒரு தெம்பில் அவள் அபாயாவை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

சுஹைரின் கம்பியில் பாதிக்குமேல் வெறும் கொளுக்கி. நோன்பு திறக்கிற சாமான் வாங்க வந்தவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சமிருந்த பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மூக்கருகில் பிடித்தாள்.

"என்ன, நோன்போட வாசம் புடிக்கிறீங்க?" என்று சுஹைர் சிரித்தார்.

"ஒரு பேக்குல மண்ணெண்ணெய் பட்டீக்காம் நானா. யார் யார் பேக் கொண்டு போன?"

பொய் வாயில் சரளமாக வந்ததில் அவளுக்கே வெட்கமாக இருந்தது. சுஹைர் தலையைச் சொறிந்து, ஞாபகம் வந்த வீடுகளைச் சொன்னார். கடைசியாக, "விடியவே பாண் வாங்கினது நிக்கொலஸ்ட பொஞ்சாதி" என்றார்.

நிக்கொலஸ் வீட்டில் நோன்பு ஏது? பாண் எப்போதோ வயிற்றுக்குள் போயிருக்கும். ஸஃப்னா கடற்கரை மணலில் செருப்புப் புதையப் புதைய ஓடினாள். ஓடும்போதே நிக்கொலஸின் மனைவி கத்தரினாவின் பிள்ளைகளை நினைத்து அழுகை வந்தது.

கத்தரினா வலைக்குப் பக்கத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இருவரும் அலையோரம் கத்திக்கொண்டு ஓடுவதைக் கண்ட பிறகுதான் ஸஃப்னாவுக்கு மூச்சு வந்தது. பையை வாங்கி உட்புறம் வெளியே திருப்பி முகர்ந்தாள். பாண் வாசம் மட்டும்தான். தையலில் பாண் தூள்.

"என்ன தங்கச்சி, முகமெல்லாம் வெளிறிப் போயிருக்கு?"

கத்தரினாவிடம் பொய் வரவில்லை. நடந்ததைச் சொன்னாள். கத்தரினா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நீ இப்பிடி வீடு வீடாய் மோந்து திரிஞ்சால் எப்ப முடிப்பாய்? உங்கட பள்ளியில சொல்லு."

"அவர் வேணாம் எண்டு சொல்றாரு அக்கா."

"அவருக்கு வெங்காயம். அந்தப் பேக் வச்சிருக்கிற தாய்க்கு என்ன?"

ஸஃப்னா இன்னும் சில வீடுகளைப் பார்த்துவிடலாம் என்றுதான் அப்போதும் நினைத்தாள். ஒரு வீட்டில் பேரீச்சம்பழம், ஒரு வீட்டில் கடலை, ஒரு வீட்டில் கஞ்சிக்கு அரிசி. எல்லா இடத்திலும் மண்ணெண்ணெய்க் கதைதான். நோன்போடு மூக்கைத் திணித்துக்கொண்டு வருகிறாளே என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். இரண்டு வீடுகள் பூட்டிக் கிடந்தன. வெயில் மஞ்சளானது. அஸர் முடிந்து, சிறுபிள்ளைகள் கோப்பைகளோடு கஞ்சிக்குப் பள்ளிவாசலை நோக்கிப் போகத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததும் அவளுடைய கணக்கெல்லாம் உடைந்துபோனது. வெங்காயமாவது, மானமாவது! அவளும் பள்ளிவாசலுக்கே நடந்தாள்.

பாங்கு சொல்லும் மோதினார் தாஹிர் கேட்டைப் பிடித்துக்கொண்டு முழுதும் கேட்டார்.

"சொல்றன் மகள். ஆனா ஆர்ட பேக் எண்டு சொல்லாட்டி, ஊர் இதக் கதையா எடுக்கும். ஒருத்தரும் சாமானக் கொட்ட மாட்டாங்க."

ஸஃப்னா கண்ணை மூடிக்கொண்டாள். "பேரோட சொல்லுங்க. றஸீன். என்ட பேரையும் சொல்லுங்க, பேக் தச்ச ஆள் எண்டு."

ஒலிபெருக்கி கரகரத்தது. சாம்பல் நிறத் துணிப்பையில் இன்று கொண்டுபோன எதையும், மூடியில்லாத எதையும், யாரும் வாயில் வைக்க வேண்டாம் என்று தாஹிர் சொன்னார். காரணத்தையும் சொன்னார், பெயர்களையும் சொன்னார். பிறகு முதலில் இருந்து இன்னொரு முறை சொன்னார். வீடுகளில் கதவு திறக்கும் சத்தம், பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம். யாரோ அவளைத் திட்டுவதும் கேட்டது. ஸஃப்னா தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழக்கம்போல் பின்னேரம் தோட்டத்துக்குப் போயிருக்கும் றஸீனுக்கு இது கேட்டிருக்கும். இனி வீட்டில் என்ன ஆட்டம் ஆடப்போகிறானோ!

றஸீனின் மோட்டார் சைக்கிள் முற்றத்தில் சரிந்து கிடந்தது. அவன் அடுப்படிக் குசினி வாசலில் நின்றான். திட்டுவதற்கென்று பறந்து வந்தவன்தான். ஆனால் கையில் ஒரு சாம்பல் நிறப் பை, உட்புறம் வெளியே திரும்பியபடி. மூலைத் தையலில் வெள்ளைத் தூள்.

"கதவுக்குப் பொறத்தால தொங்கிச்சு," என்றான். "ஆர் கொண்டு வந்த?"

ஊர்ப் பைகளையெல்லாம் முகர்ந்து திரிந்தவள் தன் குசினிக் கதவை நினைக்கவே இல்லை. காலையில், இவன் தோட்டத்துக்குப் போன பிறகுதானே ஸம்ஹாவை அனுப்பினாள்? அந்தப் பையில் சுற்றாத, மூடாத வெறும் பணிஸ். பகலிலேயே தின்றுவிட்டேன் என்றாளே!

"ஸம்ஹா!"

பிள்ளை அறையில் பாயில் சுருண்டு கிடந்தாள். உதடு காய்ந்து, கை துவண்டு. உலுக்கியதும் கண் பாதி திறந்து மூடிக்கொண்டது.

"யா அல்லாஹ்! மகள், கண்ணத் தொற! பணிஸ் எவ்வளவு தின்டாய்?"

ஸம்ஹா மிரண்டு இருவரையும் பார்த்தாள். "முழுக்கத் தின்டேன்."

றஸீன் அவளை அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான். மோட்டார் சைக்கிளை நிமிர்த்தக் கை இல்லாமல், பிள்ளையை ஸஃப்னாவிடம் கொடுத்தான். ஸஃப்னா அவளை மடியில் குப்புறப் போட்டு, வாந்தி எடுக்கவைக்க வாய்க்குள் விரலை விடப் போனாள். அதுவரை துவண்டு கிடந்த பிள்ளை, எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, தாயின் கையைத் தள்ளிவிட்டுத் திமிறி எழுந்தாள்.

"வேணாம் உம்மா! நோன்பு முறிஞ்சிரும்!"

இருவரும் அப்படியே நின்றார்கள்.

"நான் தின்னல்ல. பொய் சொன்னன். என்ட கூட்டாளி நிஃப்லா முழு நோன்பு புடிக்கிறா, நான் மட்டும் அரை. ஏசாதீங்க உம்மா."

உள்ளே ஓடிப்போய், அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பணிஸைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு கடிகூட இல்லை. முழுசாக இருந்தது. றஸீன் பாய்ந்து அதைப் பிடுங்கினான். ஸஃப்னா முற்றத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பள்ளிவாசலில் ஒலிபெருக்கி மறுபடியும் கரகரத்தது. தாஹிர் மஃரிபுக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்.

ஸம்ஹா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாப்பாவிடம் கையை நீட்டினாள்.

"பாங்கு சொல்லியாச்சு வாப்பா. நோன்பு தொறக்கத்தான் வச்சீந்தன். தாங்க."