அடியில் தங்காத உப்பு

லர்லீன் ஹேட்மேக்கர் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வெறும் எஞ்சின் ஆயில் மாதிரி தெளிவாக இருந்தது.

“ஜென்ட்ரி, மருந்தை ஊத்த மறந்துட்டே.”

“என் கையாலதான் ஊத்தினேன்.”

“அப்போ எங்கே போச்சு? நீயே குடிச்சிட்டியா?”

அவள் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. ஜென்ட்ரி தயாரிப்பது அயனித் திரவம். உப்புதான், ஆனால் அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும். அதைக் கொஞ்சம் எண்ணெயில் கலந்தால் எஞ்சினுக்குள் உராய்வு குறையும் என்று நம்பி, டென்னசி மலையடிவாரத்து ஆய்வுக்கூடத்தில் இருவரும் மாதக்கணக்காக மல்லுக்கட்டினார்கள். செய்ததெல்லாம் எண்ணெயோடு சேராமல், பான்கேக் பாகு போல அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பிசுக்கைக் கழுவிக் கழுவியே லர்லீனுக்கு அலுத்துவிட்டது.

“இந்தத் தடவை மூலக்கூறுக்கு எண்ணெய் மாதிரியே நீளமான வால் வெச்சேன். எண்ணெய்க்குச் சொந்தக்காரன் மாதிரி உள்ளே போயிரும்” என்றான் ஜென்ட்ரி.

“ஓட்டிப் பாத்தா உன் வண்டவாளம் தெரிஞ்சிடப்போகுது.”

உராய்வைச் சோதிக்கும் மெஷினில், அந்தக் குப்பியின் சூடான எண்ணெயில் எஃகு உருண்டை இரும்புத் தகட்டின் மேல் முன்னும் பின்னும் கிறீச்சிட்டுத் தேய்ந்தது. திரையில் உராய்வின் கோடு உயரத்திலேயே ஓடியது.

“பாத்தியா? வெறும் எண்ணெய்!”

அவன் முகம் தொங்கிப்போனதும் லர்லீனுக்குப் பாவமாகிவிட்டது. ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று திரும்பியபோது கிறீச்சொலி நின்றுபோயிருந்தது. கோடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

“மெஷின் கெட்டுப்போச்சு!” என்று பதறினாள்.

“நல்லது நடந்தா மெஷின் கெட்டுப்போச்சா?”

அவள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வெறும் எண்ணெயை ஊற்றி ஓட்டினாள். கோடு ஏறியது, கிறீச்சொலி கடைசிவரை அடங்கவில்லை. மறுபடி ஜென்ட்ரியின் குப்பி, கோடு இறங்கியது. நுண்ணோக்கியில் பார்த்தால், வெறும் எண்ணெயில் தேய்ந்த தகடு உழுத நிலம்போலக் கிடந்தது. மற்றதில் கீறலைத் தேட வேண்டியிருந்தது.

“அடப்பாவி, நிஜமாவே கரைஞ்சிருக்கு!” என்று கூவி அவள் கட்டிக்கொண்டதில் ஜென்ட்ரியின் மூக்குக் கண்ணாடி தரையில் விழுந்தது.

மதியம் பார்பிக்யூ கடையில், வாயில் பாதிக் கவளத்தோடு அவன் மெல்லுவதை நிறுத்தினான். “லர்லீன், குளிர்ல உப்பு தனியா பிரிஞ்சிட்டா?”

“ஒரு குப்பியை ஃப்ரீசர்ல வெச்சிட்டுத்தான் வந்தேன். பேசாம சாப்பிடு.”

மறுநாள் காலையில் அந்தக் குப்பியும் தெளிவாகவே இருந்தது.