பின்கேட்டுக்கு நம்பர் கிடையாது

வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலமே பட்டாசுக்கும் அவள் அப்பாவுக்கும் ஒரு சுற்றுச் சண்டை முடிந்திருந்தது. பட்டாசு என்பது வீட்டில் வைத்த பெயர். சான்றிதழில் வேறு அழகான பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள்.

சண்டை வாசலைப் பற்றியது. தோட்ட வேலைக்குப் போகிற வீட்டில் எந்த வாசல் என்பது.

"பின்பக்கமா போ. முன்னாடி போய் மணி அடிச்சுட்டு நிக்காதே, பழக்கமில்ல" என்றார் அப்பா. முட்டி தேயும்வரை ஒரு கம்பெனியின் விருந்தினர் மாளிகையில் தோட்டக்காரராக இருந்தவர் அவர்.

"யாருக்குப்பா பழக்கமில்ல? உனக்கா, அவங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"அப்போ ரெண்டு பேரும் பழகிக்குங்க."

அம்மா கரண்டியோடு நடுவில் வந்து நின்றாள். அவளுக்கு வாசல் முக்கியமில்லை, திங்கட்கிழமைதான் முக்கியம். சித்தப்பா யார் யார் காலையோ பிடித்து ஓர் ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் பட்டாசுக்கு வேலை வாங்கி வைத்திருந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதை அம்மாவால் பார்க்க முடியவில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள்: நாளைக்குப் போகிற வீடு நிரந்தரமாக அமைந்துவிட்டால் பட்டாசு தன் வழியில் போகலாம். அமையாவிட்டால் வாயைத் திறக்காமல் பில் போடப் போக வேண்டும்.

ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை என்பது அப்பாவின் கனவு. அந்தக் கனவில் அவள் ஏற்கெனவே ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டாள். ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது. ஆனால் அங்கே இருந்த மேலாளர் ஆட்களை விரலைச் சொடுக்கித்தான் கூப்பிடுவார். ஒருநாள் அவளும் பதிலுக்குச் சொடுக்கினாள். அன்றோடு அந்த ஃபேன் நின்றது. அப்புறம் மொட்டைமாடியில் நாற்று வளர்த்து நர்சரிக்குக் கொடுத்தாள். அந்த நர்சரிக்காரர்தான் ஒரு வீட்டுக்கு இவள் நம்பரைக் கொடுத்தார். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஓர் அம்மா, தோட்டம் காடாகக் கிடக்கிறதாம்.

பேங்க் அம்மா போனில் உத்தரவு போடுகிற ரகம்.

"பின்சந்து வழியா வாம்மா. உடைஞ்ச கேட், உள்ள ஒரே காடு, பார்த்தாலே தெரியும். காலைல நான் யோகால இருப்பேன், பெல் கில் அடிச்சுத் தொலைக்காதே. நீ பாட்டுக்கு ஆரம்பிச்சிரு."

பட்டாசுக்குச் சுருக்கென்றது. ஆனால் திங்கட்கிழமை கண்முன்னால் வந்து நின்றதால் "சரிங்க மேடம்" என்றாள். போனை வைத்த பிறகு சொன்னதை எழுத முடியாது.

மறுநாள் காலை பின்சந்தில் நடந்தபோதே எரிச்சல் உச்சியில் ஏறியிருந்தது. குப்பைத்தொட்டிகள், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், மதில்மேல் காயப்போட்ட மிதியடிகள். வீடுகளுக்கு முகம் எல்லாம் தெருப்பக்கம்தான். முன்னால் பெயர்ப்பலகை, எண், பித்தளைக் குமிழ் வைத்த கதவு என்று ஆளுக்கொரு மிடுக்கு. முதுகுப்பக்கம் வந்தால் எல்லாம் ஒரே மூஞ்சி. உடைந்த கேட் ஒன்று கம்பியால் கட்டித் தொங்கியது. எட்டிப் பார்த்தாள். உள்ளே காடு. அதற்குமேல் யோசிக்க அவள் கோபம் இடம் கொடுக்கவில்லை. கம்பியைப் பிரித்தாள், போனைச் சத்தமில்லாமல் வைத்துப் பைக்குள் போட்டாள், இறங்கிவிட்டாள்.

மண்ணில் கை பட்டதும் கோபம் பாதி இறங்கிவிட்டது. அவள் உடம்பின் அமைப்பு அப்படி. முதலில் எதையும் வெட்டாமல், வெயில் எங்கே விழுகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று ஒரு சுற்று நடந்து பார்த்தாள். பிறகு ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். கோரையைக் கிழங்கோடு தோண்டினாள். மேலோடு பிடுங்கினால் அது அடுத்த வாரமே நக்கலாகத் தலைகாட்டும். காகிதப்பூச் செடி கையைக் கிழித்தது. அதன் காய்ந்த கிளைகளைக் கழித்தாள். மதிலோரம் ஓர் எலுமிச்சை மரம் கொடிக்குள் மூழ்கி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அந்தக் கொடி மரத்தையும் விழுங்கி, மதிலையும் விழுங்கி, அதற்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்குத் திரை கட்டியிருந்தது.

கொடியை அடியில் வெட்டிச் சுருட்டியபோது பின்னால் ஒரு முக்காலி தெரிந்தது. முக்காலிக்கடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. டப்பா நிறைய சிகரெட் துண்டுகள். யாரோ இங்கே ஒளிந்து உட்கார்ந்து ஊதியிருக்கிறார்கள். நமக்கெதற்கு என்று டப்பாவைக் குப்பைச் சாக்கின் அடியில் கொட்டி, மேலே கோரையை அள்ளிப் போட்டாள்.

பத்து மணி வாக்கில் சமையலறைக் கதவு திறந்து ஓர் அம்மா வந்தார். கையில் டீ. அதுவும் ஓரம் உடையாத நல்ல கோப்பையில்.

"ஐயோ, எலுமிச்சை மரம் உயிரோடதான் இருக்கா! இத்தனை வருஷமா கத்திக்கிட்டிருக்கேன். கடைசில ஒரு வார்த்தைகூடச் சொல்லாம உன்னை வரவச்சிருக்காரு பாரேன்!"

'யாரு, நர்சரிக்காரரா?' என்று பட்டாசு குழம்பினாள். போனில் கேட்ட குரலுக்கும் இந்தக் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. யோகா செய்தால் மனிதர்கள் இவ்வளவு மாறுவார்களா என்று வியந்தபடியே டீயைக் குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் லுங்கியும் பனியனுமாக ஒருவர் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சரம்மா! ஆள் வைக்கணும்னு நானே சொல்லட்டும்னுதானே காத்திருந்தே? நீயே இறங்கி வந்துட்டே பாத்தியா!"

"நானா? நீங்கதானே கூப்பிட்டீங்க?" என்றார் மனைவி.

"நான் எங்க கூப்பிட்டேன்?"

அவர் சிரிப்பு மதில்பக்கம் திரும்பியதும் அப்படியே உறைந்தது. கொடி இல்லை. முக்காலி நட்டநடு வெயிலில் அம்மணமாக நின்றது. சரியாக அந்த நேரத்தில், கொடி இருந்த இடத்துக்கு மேலே, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை எழும்பியது. யோகா உடை, நெற்றியில் வியர்வை, கையில் போன்.

"ஏம்மா! நீதானே தோட்டக்காரப் பொண்ணு? எத்தனை தடவை போன் பண்றது? என் வீட்டை விட்டுட்டுப் பல் டாக்டர் வீட்டுல என்ன பண்ற?"

போனில் கேட்ட குரல் திரும்பி வந்துவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு உடைந்த கேட், இன்னொரு காடு.

சும்மா இருந்திருந்தால் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டே நாளை ஓட்டியிருப்பார்கள். பட்டாசுக்கு அந்தக் கலை வராது.

"ரெண்டு பேருமே என்னைக் கூப்பிடல. நான் வீடு மாறி வந்துட்டேன். கேக்காம கத்தியை வச்சது என் தப்பு" என்றாள் பளிச்சென்று.

பல் டாக்டருக்கு முக்காலியைப் பறிகொடுத்த ஆத்திரம் பீறிட்டது. "தப்பா? அடுத்தவன் வீட்டுக்குள்ள புகுந்து வெட்டித் தள்ளிட்டு, தப்புன்னா முடிஞ்சுதா? அந்தக் கொடி எத்தனை வருஷமா வளர்ந்தது தெரியுமா? நான் போலீஸைக்..."

பட்டாசு சாக்கைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போனாள். டீச்சரம்மா காதில் விழாத குரலில், "முக்காலி பத்திரமா இருக்கு சார். அதுக்கடியில இருந்தது இந்தச் சாக்குக்கு அடியில இருக்கு. கொட்டிக் காட்டணும்னா காட்டறேன்" என்றாள்.

பல் டாக்டர் சாக்கைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தினமும் ஊரார் வாயைத் திறக்கச் சொல்லி, புகை கூடாது என்று உபதேசம் செய்கிறவர், தன் வாயை மெதுவாக மூடிக்கொண்டார்.

"சரி, சின்னப் பொண்ணு. தெரியாமப் பண்ணிடுச்சு. போகட்டும், வேலை சுத்தமாத்தான் இருக்கு" என்றார் பிறகு.

"வாரா வாரம் வரட்டுமே" என்றார் டீச்சரம்மா.

"வரட்டும், வரட்டும்."

ஆனால் மதில்மேல் இருந்த தலை இறங்கவில்லை. "அவங்க மன்னிச்சா ஆச்சா? என் காலை நேரமே வீணாப் போச்சு. ஒரு வீட்டை அடையாளம் கண்டுபிடிக்கத் தெரியல, நீ என்னத்தைச் செடி வளர்ப்ப? நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

திங்கட்கிழமை, பில் கவுண்டர், சித்தப்பாவின் பெருமூச்சு, எல்லாம் வரிசைகட்டி வந்தன. கெஞ்சினால் காரியம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கெஞ்சத் தொடங்கினால் பின்சந்து ஆயுசுக்கும் நிலைத்துவிடும் என்பதும் தெரியும். அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"மேடம், தப்புக்கு மன்னிச்சிடுங்க. ஆனா ஒண்ணு. உங்க பின்கேட்டுக்கு நம்பர் கிடையாது. முன்வாசல்ல இருக்கு. நான் உங்களுக்கு வேணும்னா நாளைக்கு முன்வாசல்ல வந்து பெல் அடிப்பேன். நீங்க கதவைத் திறந்து, இதுதான் வீடு, இதுதான் தோட்டம்னு காட்டணும். அப்புறம்தான் கத்தியைத் தொடுவேன். இனிமே எந்த வீடா இருந்தாலும் அப்படித்தான்."

"முன்வாசலா? ஹாலைத் துடைச்சுப் போட்டிருப்பாங்களே!"

"எனக்கும் கால் கழுவத் தெரியும் மேடம்."

பேங்க் அம்மாவின் புருவம் கூரைக்கு ஏறியது. இத்தனை வருட அதிகாரத்தில் யாரும் அவரிடம் நிபந்தனை போட்டதில்லை போலும். பதில் சொல்ல வாயெடுத்தவரின் கண் எலுமிச்சை மரத்தில் போய் நின்றது. வெயில் பட்டு அதன் இலைகள் பளபளத்தன. உள்ளே மறைந்திருந்த ரெண்டு மூன்று காய்கள்கூடத் தெரிந்தன.

"உங்களுக்கு வேணாம்னா விட்டுடுங்க மேடம்" என்று டீச்சரம்மா வெள்ளந்தியாகச் சொன்னார். "உங்க நாளையும் சேர்த்து நாங்களே வச்சுக்கறோம்."

"அதெப்படி? முதல்ல கூப்பிட்டது நான்!" என்றது மதில்மேல் தலை. "ஏம்மா, எட்டு மணிக்கு வா. யோகா முடிஞ்சதும். பெல்லை ஒரு தடவை அடிச்சாப் போதும்."

மறுநாள் பட்டாசு பெல்லை ஒரே ஒரு தடவைதான் அடித்தாள். கொஞ்சம் நீளமாக.

கதவு திறந்தது. வாசலிலிருந்து பின்கதவு வரை ஹாலில் செய்தித்தாளைப் பரப்பிப் பாதை போட்டிருந்தார் பேங்க் அம்மா. பட்டாசுக்குச் சிரிப்பு வந்தது. காலைக் கழுவி, கத்திரிக்கோலைத் துணியில் சுற்றிக்கொண்டு, நேற்றைய தலைப்புச் செய்திகளை மிதித்தபடி நிமிர்ந்து நடந்தாள். பேங்க் அம்மா கூடவே வந்து தோட்டத்தைக் காட்டினார். போகும்போது, "வாரத்துக்கு ரெண்டு நாள் வந்துடு, இடையில நிறுத்தக் கூடாது" என்று உத்தரவும் போட்டார். அந்த உத்தரவு மட்டும் காதுக்கு இனிமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது ஒன்றைத்தான். "திங்கக்கிழமை?"

"சித்தப்பாகிட்ட நானே பேசிக்கறேம்மா. திங்கக்கிழமை பல் டாக்டர் வீட்டுல ரோஜா பதியம் போடணும்."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "கையில மருந்து போட்டுக்கோ, கிழிஞ்சு கிடக்கு" என்றாள். அவள் அகராதியில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

அப்பா சாப்பிட்டு முடித்துக் கை துடைக்கும்போதுதான், எங்கோ பார்த்தபடி, "எந்தப் பக்கமா போன?" என்றார்.

"முன்பக்கமா."

"உள்ள விட்டாங்களா?"

"கதவைத் திறந்து கூட்டிட்டுப் போனாங்கப்பா."

அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். அவ்வளவு வருடம் வேலை பார்த்த மாளிகையின் ஹாலை அவர் ஜன்னல் வழியாகக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

"உள்ள எப்படி இருந்துச்சு?"

"பெரிய சோபா. அதுக்கு உறை போட்டு, உறைக்கு மேல இன்னொரு உறை. சுவத்துல கடிகாரம், அஞ்சு நிமிஷம் லேட்டு. அப்புறம் நடுவுல ஒரு மேசை, மேசைமேல பூச்சாடி, அதுல ஒரு கொத்து ரோஜா."

"தோட்டம் காடா கெடக்குது, ரோஜா எங்கேர்ந்து வந்துச்சு?"

"பிளாஸ்டிக்குப்பா. மேல அம்புட்டுத் தூசி."

அப்பா தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"வேலையில சேர்ந்துட்டல்ல, அப்புறம் என்ன?" என்றார் மூச்சு வாங்கியபடி. "அதுக்கும் தண்ணி ஊத்திட்டு வந்தியா இல்லையா?"