ஹில்டாவின் ஜாடி

உயிரோடிருக்கும் சக்களத்தியோடு மல்லுக்கட்டலாம். முடியைப் பிடித்து இழுக்கலாம், ஊரைக் கூட்டலாம். செத்துப்போனவள் ஒரு ஜாடி முட்டையை விட்டுப் போயிருந்தால் என்ன செய்வது? என் அண்ணன் கிளெம்முக்கு இரண்டாந்தாரமாக வந்த வின்னி, அந்தக் குளிர்காலம் முழுக்க இதே யோசனையில்தான் இருந்தாள்.

முதல்தாரம் ஹில்டா. கோழிகள் முட்டையிட்டுத் தள்ளும் வசந்தத்தில், ஹூவான் ஆற்றங்கரையில் நாங்கள் எல்லோரும் செய்வதுபோல அவளும் முட்டை மாதக்கணக்கில் கெடாமலிருக்க மருந்துக்கடையில் விற்கும் வாட்டர்கிளாஸ் என்ற மருந்தைக் கொதித்தாறிய நீரில் கரைத்து, ஜாடி நிறைய முட்டை போட்டு வைத்தாள். போட்ட கையோடு நிமோனியாவில் போய்ச் சேர்ந்தாள். எங்கள் தென்கோடியில் குளிர் தொடங்கும் ஜூன் மாதம் கிளெம் வின்னியைக் கட்டிக்கொண்டு வந்தபோது, கோழிகள் இறகு உதிர்த்துவிட்டு முட்டையை நிறுத்தியிருந்தன. ஸ்டோர் ரூமில் ஜாடி மட்டும் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது.

வின்னி ஹோபர்ட் ஓட்டலில் வேலை பார்த்தவள். அங்கே முட்டை பெட்டியில் வரும், தட்டில் போகும். அதற்கு மேல் முட்டையைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. சீதனமாக ஒரு சிவப்புக் கோழியைக் கூடையில் கொண்டு வந்திருந்தாள். இளங்கோழி என்பதால் குளிரிலும் அது பழுப்பு நிறத்தில் முட்டையிட்டது.

தினமும் காலையில் கிளெம் நீளக் கரண்டியை ஜாடிக்குள் விட்டு, அடியிலிருந்து ஒரு வெள்ளை முட்டையை எடுப்பான். கழுவுவான். ஜன்னல் திரையில் குத்தியிருக்கும் குண்டூசியால் அகன்ற பக்கத்தில் ஒரு துளை போட்டு வேகவைப்பான். முதல் வாரத்தில் வின்னி முந்திக்கொண்டு ஒன்றை அப்படியே கொதிநீரில் போட்டாள். அது வெடித்துப் பானையெல்லாம் வெள்ளைக் கருவாயிற்று.

"ஊசி குத்தணும், வின்னி. ஓட்டுல துவாரமெல்லாம் அடைஞ்சிருக்கும்ல. ஹில்டா குத்துவா."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவளுக்கு அந்த ஊசி தன்மேல் இறங்கியது போலிருந்தது.

தன் கோழி முதல் முட்டை போட்ட அன்று, சூடு ஆறுமுன் அதைக் கையில் பொத்திக்கொண்டு ஓடினாள். "இன்னிக்கு இத சாப்பிடு. இப்பத்தான் போட்டுச்சு."

"அட, நல்ல பெரிசா இருக்கே. குடு, வெச்சிடறேன்" என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஹில்டாவின் முட்டையை உடைத்து உப்புப் போட்டுச் சாப்பிட்டான். அடுத்த முறை அவன் வருவதற்குள் அவள் பொரித்தே வைத்துவிட்டாள். சாப்பிட்டான். ஆனால் தட்டைத் தள்ளியபடி, "இத ஏன் உடைச்சே? இது கெடாம நிக்குமே" என்றான்.

எட்டு மாதப் பழசு இனிக்கிறது, நேற்றுப் போட்டது கசக்கிறதா? பழுப்பு முட்டைகள் அவன் பையில் ஏறுவது தெரிந்தது, எங்கே இறங்குகின்றன என்று தெரியவில்லை. கேட்கவும் அவளுக்கு வீம்பு. கிளெம் பாலோடு தினமும் என் வீட்டுக்கு வருவான். அவ்வளவுதான், மேவிஸ் வயிற்றுக்குத்தான் போகிறது என்று முடிவு கட்டிவிட்டாள். மேவிஸ் நான்தான்.

ஆகஸ்டில் கிளெம் இரண்டு வாரம் மலையில் மரம் வெட்டப் போனான். வாசலில் நின்றுகொண்டு, "ஜாடியப் பாத்துக்கோ. மூடிய நல்லா மூடி வை" என்றான். பெண்டாட்டியை ஒருவன் பார்த்துக்கொள்ளச் சொல்வான், ஜாடியையா?

ஒரு முட்டை கெட்டால் ஜாடியே கெடும் என்று சொன்னவள் நான்தான். ஊறுகாய்க்கும் அதற்கும் ஒரே சட்டம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன், பாவி. கிளெம் போன அன்று மாலையே அவள் தன் கோழியின் முட்டை ஒன்றை மேசை விளிம்பில் தட்டி, விரிசலோடு ஜாடியில் போட்டுக் கரண்டியால் அடிவரை அழுத்தினாள். இருட்டு அறை. ஜாடித் தண்ணீரும் சுண்ணாம்பு கரைத்தது போலிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் பார்க்கவுமில்லை, பார்க்க விரும்பவுமில்லை. ஜாடியை அடுப்புச் சுவரை ஒட்டி நகர்த்தி வைத்துக் கதவைச் சாத்தினாள்.

அந்த வாரம் நான் அவளைப் பார்க்கப் போனேன். "முட்டை வேணுமா, மேவிஸ்? அண்ணன் இல்லாம வாயி ஊறிப் போயிருக்குமே" என்றாள்.

"எனக்கு ஏண்டி உங்க வீட்டு முட்டை? முட்டைன்னாலே எனக்கு உடம்பெல்லாம் தடிச்சிடும். அத நான் தொட்டு வருஷமாச்சு."

"ஆமாமா" என்று உதட்டைச் சுழித்தாள். என்ன கொழுப்பு என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கிளெம் திரும்பி வந்த மறுநாள் ஞாயிறு. கோயிலுக்குப் போகுமுன் நானும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பேசவே காசு கேட்கும் என் அண்ணன் அன்று சிரித்த முகமாக இருந்தான்.

"வின்னி, இன்னிக்கோட பழசு தீந்துது. அடியில ஒண்ணே ஒண்ணு கெடக்கு. நாளையிலேர்ந்து உன் கோழி முட்டைதான். எனக்கும் சேத்து நீயே வேகவை."

"என் கோழி முட்டையா? அதத்தான் உன் தங்கச்சிக்குக் குடுத்து முடிச்சிட்டியே."

"மேவிஸுக்கா? அவளுக்குத்தான் ஆகாதே. எல்லாத்தையும் ஜாடிலதான் போட்டு வெச்சிருக்கேன். பழச முதல்ல தின்னு தீக்கணும். புதுச எடுத்து வெக்கணும். இது தெரியாதா உனக்கு?"

வின்னி கோப்பையைக் கீழே வைத்தாள். "கிளெம், இரு, நான் எடுக்கறேன்" என்று எழுந்தாள். அவன் அதற்குள் கதவைத் திறந்து மூடியைத் தூக்கிவிட்டான்.

நாற்றம் எங்கள் டீக்கோப்பை வரை வந்தது.

ஜாடியைக் கொல்லைக்குத் தூக்கிப்போய் விறகுக் குவியலுக்குப் பின்னால் கவிழ்த்தான். பழுப்பு முட்டைகள் வழவழவென்று உருண்டன. ஒன்று உடைந்து கறுத்துக் கிடந்தது. கூழ் எல்லாவற்றின் மேலும் அப்பியிருந்தது. அத்தனையும் அவளுடைய கோழியின் முட்டைகள். அவற்றின் நடுவில் ஒரே ஒரு வெள்ளை.

வின்னி அழுதாள். முட்டைக்காக அழுகிறாள் என்று நினைத்து அந்த மண்டு அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

"விடு, விடு. உன் கோழி முட்டைல ஏதோ கீறல் இருந்திருக்கும். நீ என்ன பண்ணுவே? எல்லாருக்கும் அந்தக் கைராசி வராது. ஹில்டா போட்டதுல ஒண்ணுகூடக் கெட்டதில்ல."

அவள் வாயைத் திறந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்ல முடியும்? "கீறினது நான்தான்" என்றா? கவிழ்ந்த ஜாடியை நிமிர்த்தி வைத்தாள். எனக்கே அவள் அதைச் சொன்னது பல வருஷம் கழித்துத்தான். அவனுக்கு இன்றுவரை தெரியாது.

கிளெம் அந்த வெள்ளை முட்டையை நாலு தண்ணீரில் கழுவி, ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டுப் பார்த்தான். கெட்ட முட்டை போல் மிதக்காமல் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. திரையிலிருந்து ஊசியை எடுத்துத் துளை போட்டான், வேகவைத்தான், தலையைச் சீவி உப்புத் தூவினான். மஞ்சள் கரு குலையாமல் இருந்தது.

அதை வின்னியின் முன்னால் வைத்தான். "எல்லாம் போச்சேன்னு வருத்தப்படாதே. இருக்கறது இது ஒண்ணுதான். நீ சாப்பிடு."

"எனக்கு வேணாம்."

"எனக்காக."

அவள் கரண்டியை எடுத்தாள். ஒவ்வொரு வாயையும் அவன் குழந்தைக்கு ஊட்டுகிறவன் போல் பார்த்துக்கொண்டிருந்தான். ஓடு காலியானதும் கேட்டான்: "எப்படி இருக்கு?"

வின்னி அவனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"நல்லா இருக்கு" என்றாள்.