திறக்காத கூடு

ரொறன்ரோவின் ரெக்ஸ்டேல் அடுக்குமாடிக் கட்டடத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் சட்டி மூடியைத் திறந்து பாராமல் புனிதவதி திரும்பியதில்லை. அப்படிப்பட்டவள் 2009 மே மாதம் எவர் கதவையும் தட்டவில்லை. வன்னியில் சண்டை முடிந்துவிட்டதாம். அங்கேயிருந்த தம்பி சிவரூபனிடமிருந்து பதினொரு நாளாகத் தகவல் இல்லை.

தான் கனடாவுக்கு வெளிக்கிட்ட அன்று, புது நூல் கோக்கவென்று தம்பி கழுத்திலிருந்து கழற்றி வைத்த தாயத்துக் குழாயை, அந்த அச்சரக்கூட்டைத் திறந்து, உள்ளே கிடந்த தகட்டைப் பார்த்திருந்தாள். திறந்தால் காவல் போய்விடும் என்பது ஊரறிந்த சங்கதி. கை கேட்டால்தானே! மெழுகால் மூடிவிட்டு, பதினெட்டு வருடம் வாய் திறக்கவில்லை.

அவள் துப்புரவு வேலை செய்யும் ரொறன்ரோ அருங்காட்சியகத்தில் ரோமர்களின் தாயத்துகள் ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருந்தன: உருவம் செதுக்கிய சிவப்புக் கற்கள், விரலளவு வெண்கலத் தெய்வங்கள், நடுவில் ஒரு பொன் குழாய். அச்சொட்டாக அச்சரக்கூடு!

"தங்கச்சி, உதுக்குள்ள என்ன?" என்று காவலுக்கு நின்ற யாழினியைக் கேட்டாள்.

"மந்திரத் தகடு, அன்ரி. எக்ஸ்ரேயிலதான் பாத்தவை. இன்னும் ஒருத்தரும் திறக்கேல்லை."

"ஒருத்தருமோ?"

"ஓம். சின்னப் பிள்ளை ஒண்டின்ர கல்லறையில அப்பிடியே கிடந்ததாம்."

புனிதவதியின் துடைக்கும் துணி கண்ணாடியில் நின்றது. திறக்காத கூடும் பிள்ளையைக் காக்கவில்லை. ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான், இத்தனை நாளும் தன் குற்றத்துக்கே பயந்திருந்தது விளங்கியது. இனித் தம்பிக்காக மட்டும்தான் பயப்பட வேண்டும்.

"பிள்ளை, வன்னியில இருந்து வந்து முகாமில இருக்கிறவையின்ர பேர் லிஸ்ற் வருதாமே. என்ர தம்பியின்ர பேர் இருக்கோ எண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லுறியே?" என்றாள்.