வட்டத்தின் மேல் சிறகு

கார் வாங்கிய நாள் முதல் பிரிவுத் தலைவர் அதன் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டியே நிறுத்திவந்தார். கேட்டவர்களிடம், கிளம்பும்போது வசதி என்றார். அது பாதி உண்மை. மீதி, டிக்கி மூடியின் மேல் இருந்தது: விரித்த சிறகு வடிவத்தில் ஒரு வெள்ளி நிறச் சின்னம்.

அந்த மாடலில் சாதாரண இஞ்சின் வண்டிக்கு வட்டச் சின்னம், பெரிய இஞ்சின் வண்டிக்குச் சிறகு. இவருடையது செகண்ட் ஹேண்ட்தான், ஆனாலும் சிறகு. மண்டல மேலாளர் ஷோரூமிலிருந்து மாலை போட்டு எடுத்து வந்ததோ வட்டம்.

மேலாளர் பொறாமைக்காரர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தன்னுடையதைவிட நல்ல கைக்கடிகாரம் கட்டி வந்த ஒருவரை, "நேரத்துல கவனமா இருக்கீங்க" என்று பாராட்டி, வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் நேரத்தைக் குறிக்கும் வேலைக்கு மாற்றியதோடு சரி. அவர்தான் இந்த வாரம் துணை மேலாளர் பதவிக்கு ஒரு பெயரைப் பரிந்துரைக்க வேண்டியவர். அவர்தான் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "என் வண்டி ஒர்க்‌ஷாப்புல இருக்கு. நாளைக்குக் காலையில உங்க வண்டியிலயே வந்துடறேன்" என்றார்.

பிரிவுத் தலைவர் போனை வைத்த கையோடு மனைவியைக் கூப்பிட்டார். சிறகு இன்றே போயாக வேண்டும்.

பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்த அவர் மனைவிக்கு எதையும் கழற்றிப் பார்ப்பதில் தனி ஆர்வம். தலைமுடி உலர்த்தும் மெஷினையும், பல் இடுக்கில் விடுகிற நூலையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சின்னத்தின் மேல் சூடான காற்றைக் காட்டினார். பசை இளகியதும் நூலைப் பின்னால் கொடுத்து இரண்டு முனையையும் கணவர் கையில் தந்தார்.

"இழுக்காதீங்க. ரம்பம் மாதிரி இந்தப் பக்கம், அந்தப் பக்கம்."

"எனக்கு மனசே வரலம்மா. ஏத்தத்துல இந்த இஞ்சின் உறுமுமே, கேட்டிருக்கியா? அதெல்லாம் சிறகுக்கு மட்டும்தான்."

"பழைய வண்டியும்தான் உறுமுச்சு. அப்ப சைலன்சர் ஓட்டைன்னீங்க."

சிறகு பொத்தென்று கையில் வந்து விழுந்தது. மிச்சப் பசையை அந்த அம்மாள் கட்டைவிரலால் உருட்டி எடுத்தார். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பிறகு துடைப்பதை நிறுத்திவிட்டு, வினோதமான கடைவாய்ப்பல் ஒன்று கிடைத்தாற்போல முகம் மலரக் குனிந்தார்.

"என்னங்க, இங்க வாங்களேன்!"

சிறகு இருந்த இடத்தில் சிறகின் தடமே இல்லை. வெயிலில் வெளிறிய நீலத்துக்கு நடுவே, அடர்ந்த நீலத்தில் ஒரு வட்டம் பளிச்சென்று தெரிந்தது.

"பசையும் ரெண்டு தினுசு, பாருங்க. அடியில இருக்கிறது கல்லா இறுகிப் போச்சு. மேல இருக்கிறது இன்னும் சூயிங்கம் மாதிரி இழுக்குது. வருஷக்கணக்கா வட்டம்தான் இருந்திருக்கு. விக்கிறதுக்கு முன்னாடி எவனோ சிறகை ஒட்டியிருக்கான்."

"கம்பெனியே மாத்தி ஒட்டியிருக்கலாம் இல்ல?"

"ஏன், வண்டிக்குப் பதவி உயர்வா?"

அவர் வட்டத்தை உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தார்.

"மெக்கானிக்கைக் கூப்பிட்டு இஞ்சினைக் காட்டினா தெரிஞ்சுடுமே. எனக்கும் பாக்கணும்போல இருக்கு."

"வேண்டாம்," என்றார் அவசரமாக.

"அட, நல்லதுதானேங்க? மறைக்க ஒண்ணுமே இல்ல. அவருக்கும் வட்டம், நமக்கும் வட்டம்."

கணக்குப்படி அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒரு மாதமாக, மேலாளர் திட்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு 'நான் சிறகு' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு பிழைத்தவர் அவர். நிஜம் என்று நம்பிய வரைக்கும் சுவரோடு மறைத்து வைத்திருந்த சிறகு, போலி என்று தெரிந்ததும் நாலு பேருக்குக் காட்டியே ஆக வேண்டியதாகிவிட்டது.

"ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப் இருக்கா?"

"எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

அந்த அம்மாள் சிறகைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

மறுநாள் காலை மேலாளர் தெருமுனையிலேயே காத்திருந்தார். அவர் பெட்டியை இவரே ஓடிப்போய் வாங்கி டிக்கியில் வைத்தார். மேலாளர் முன்சீட்டில் ஏறிச் சாய்ந்துகொண்டார். பாலத்து ஏற்றம் வரும்வரை எல்லாம் நல்லபடியாகவே போயிற்று.

"நல்லா இழுக்குதே! என்னுது இங்க மூச்சு வாங்கும்," என்றார் மேலாளர்.

'உங்களுது மாதிரிதான் சார்' என்று சொல்லியிருந்தால் போதும். ராத்திரி பூரா அதைத்தான் சொல்லிப் பழகியிருந்தார்.

"சிறகு சார் இது," என்றது வாய்.

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சின்னத்தைக் காணோமே?"

"கழட்டிட்டேன் சார்."

"ஏன்?"

"துருப் பிடிச்சிருந்தது சார்."

"அது பிளாஸ்டிக்காச்சே?"

"அதான் சார், எனக்கும் ஆச்சரியமாப் போச்சு."

அலுவலக வாசலில் இறங்கியதும், வாழ்நாளில் தன் பெட்டியைத் தானே தூக்கியறியாத மேலாளர் நேராக டிக்கியருகே போனார். குனிந்தார். அடர்நீல வட்டத்தை விரலால் ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தார். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் மெல்ல மெல்ல அவிழ்ந்து, கடைசியில் வாய்விட்டே சிரித்துவிட்டார்.

"உங்க சிறகு நல்லா உருண்டையா இருக்கே!"

தோளில் தட்டிக்கொடுத்தார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, விசிலடிக்காத குறையாகப் படியேறினார். இப்படி ஒருவன் பக்கத்தில் இருந்தால் தன் நாற்காலிக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மத்தியானத்துக்குள் இவர் பெயரில் பரிந்துரை மேலே போனது; சாயங்காலத்துக்குள் உத்தரவும் வந்துவிட்டது.

பிரிவுத் தலைவர் வீட்டுக்குப் போன் போட்டார்.

"கிடைச்சிடுச்சு."

"அட, சபாஷ்! அப்புறம் ஏன் குரல் இப்படி இழவு வீட்டுக் குரலா இருக்கு?"

"பாத்துட்டார்ம்மா."

"எதை?"

"வட்டத்தை."

"அவர் வட்டம்னு நினைக்கணும்னுதானேங்க நேத்து ராவி ராவிக் கழட்டினோம்?"

துணை மேலாளர் போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய், வண்டியின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டித் திருப்பி நிறுத்தினார்.